தாப்பா இல்லாத மண்டபமும் மைக்செட்டக்காவும்

இந்த உலகத்தில் 'ஒன், டூ, த்ரீ' சொல்லாமல் மைக்கைச் சோதித்த ஒரே பிறவி எங்கள் மைக்செட்டக்காதான். மற்றவர்கள் மைக்கை இரண்டு தட்டுத் தட்டி, 'ஃபூ' என்று ஊதி, மூன்று வரை எண்ணிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அக்காவுக்கு எண்ணிக்கையில் நம்பிக்கை கிடையாது. மண்டபத்தில் என்ன குறை கண்ணில் படுகிறதோ, அதைச் சொல்லித்தான் சோதிப்பார்.

"அலோ... அலோ... மைக் டெஸ்டிங். பொம்பளைங்க கக்கூசுல தாப்பா இல்ல. அலோ. உள்ள லைட்டும் எரில. ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி கதவப் புட்சிகினு நிக்கணுமா? அலோ, அலோ."

இதை முதல் தடவை கேட்டபோது நான் எங்கள் கலை மன்றத்தின் புத்தம்புதுச் செயலாளர். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் சாலையில் இருக்கும் ஒரு கல்யாண மண்டபத்தில் ஆண்டு விழா. பன்னீர்ச் செம்போடு வாசலில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அந்தக் குரல் மண்டபத்துக்குள் மட்டும் கேட்டிருந்தால் பரவாயில்லை. தெருமுனைப் புளியமரத்தில் கட்டியிருந்த கூம்பு ஸ்பீக்கரிலும் கேட்டது. எதிர் டீக்கடையில் இருந்த அத்தனை பேரும், தாழ்ப்பாளைக் கழற்றிக்கொண்டு போனவனே நான்தான் என்பதுபோல் என்னைப் பார்த்தார்கள்.

உள்ளே ஓடினேன். "என்னம்மா இது, விருந்தினர் வர்ற நேரத்துல?"

"மைக்கு கேக்குதா இல்லியா, அத்த மட்டும் சொல்லு சார்."

"கேக்குது. ஊருக்கே கேக்குது."

"அப்ப டெஸ்டிங் ஓவர்" என்று ஒயரைச் சுருட்டப் போய்விட்டார்.

புடவைக்கு மேல் ஆம்பளை முழுக்கைச் சட்டை, தலையில் ஒரு முழம் மல்லிகை, அந்த மல்லிகைக்கு மேலேயே ஹெட்போன். இதுதான் அக்கா. செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை. பலகையில் இருப்பது காலமான மாமனாரின் பெயர். அழைப்பிதழில் 'ஒலி அமைப்பு' என்று போடுவதற்காக அவர் பெயரைக் கேட்டேன். "மைக்செட்டுன்னு போடு சார். மத்தத சனம் தெரிஞ்சிக்கும்" என்றார். சனமும் தெரிந்துதான் வைத்திருந்தது.

இவ்வளவு வம்புக்கு ஆளை மாற்றிவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். மாற்ற முடியாது. அக்கா வைத்த மைக்கில் தும்மினால்கூடச் சுருதியோடு கேட்கும். கடைசி வரிசையில் காது மந்தமான பெரியவர்கள் தாளம் போடுவார்கள். கலைஞர்களோ, "மைக்செட்டக்கா வர்றாங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் தேதியே கொடுப்பார்கள். பாவம், குரல் நன்றாகக் கேட்பதற்காக என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு ஒவ்வோர் ஆண்டும் அக்கா மைக்கை எடுத்தாலே நான் புளியமரத்து ஸ்பீக்கரைத்தான் பார்ப்பேன். ஒரு வருடம், "அலோ, டான்ஸ் ஆடுற பொண்ணுங்க துணி மாத்த ஒரு வேட்டியக் கட்டி வுட்டுகீறாங்க. ஃபேன் போட்டா வேட்டி பறக்குது. அலோ." அடுத்த வருடம், "அலோ, வந்தவங்களுக்கெல்லாம் வாழையில. பறை அடிக்க வந்தவங்களுக்கு மட்டும் பின்னாடி கேட்டாண்ட பேப்பர் தட்டு. இது இன்னா நாயம்? அலோ."

அன்றைக்கு எனக்கு வந்த கோபம் எதன்மேல் தெரியுமா? பேப்பர் தட்டின்மேல் இல்லை. அக்காவின்மேல்.

எங்கள் மன்றத்துக்குப் பெரிய கொள்கை வாசகம் ஒன்று உண்டு. மேடைக்குப் பின்னால் பேனரில், 'கலை அனைவருக்கும்' என்று தங்க எழுத்தில் தொங்கும். உண்மையான கொள்கை வேறு: "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க." தாழ்ப்பாள் இல்லையா, அட்ஜஸ்ட். உடை மாற்ற இடமில்லையா, அட்ஜஸ்ட். பின்வாசல் வழியாக வரச் சொன்னார்களா, ஒரு நாள்தானே, அட்ஜஸ்ட். பத்து வருடம் செயலாளராக இருந்தவன் சொல்கிறேன்: சிறப்பு விருந்தினரிடம் ஒரு தடவையாவது நாங்கள் அதைச் சொன்னது கிடையாது. அவர் நாற்காலிக்கு மெத்தை, மெத்தைக்கு மேல் துண்டு, துண்டுக்கு மேல் டேபிள் ஃபேன். அட்ஜஸ்ட் செய்ய வேண்டியவர்கள் எப்போதும் ஒரே ஆட்கள்தான். அவர்கள் முகமெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனாலும் உறைக்கவில்லை.

அந்த முகங்களில் ஒன்று கோமதி. செங்கல்பட்டு பஸ் நிலையத்துப் பக்கம் சொந்தமாக ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு கால்களும் போய்விட்டன. பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் தனியாக வருவார், போவார். விழாவில் சக்கர நாற்காலி. அம்மாவிடம் கற்ற நடவுப் பாட்டுகளைப் பாடுவார். அவர் பாட ஆரம்பித்தால், செல்போனில் தலையைக் கவிழ்த்திருப்பவனும் நிமிர்ந்துவிடுவான்.

எங்கள் மேடைக்கு ஐந்து படிகள். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் நான்கு பேர் கோமதியை நாற்காலியோடு தூக்கி மேடையேற்றுவார்கள். அதுவே ஒரு நிகழ்ச்சி. "தன்னம்பிக்கை நட்சத்திரம்! பலத்த கரவொலி!" என்று மைக்கில் நான்தான் முழங்குவேன். போட்டோ எடுப்பவர் ஓடி வருவார். தூக்கும்போது கோமதி தலையைக் குனிந்துகொள்வார். அடக்கம் என்று நினைத்தேன். அப்படித் தூக்கி வைத்தவரைப் பாடவிடுவது நான்கு நிமிடம். அதைப் பாராட்டிச் சிறப்பு விருந்தினர் பேசுவது நாற்பது நிமிடம்.

அக்கா விடுவாரா? "அலோ, மைக் டெஸ்டிங். படி கீது, சரிவு இல்ல. ஒரு மனுசிய அரிசி மூட்ட கணக்காத் தூக்கினு போறாங்க. அலோ."

இந்தத் தடவை மண்டபத்துக்காரருக்கே ரோஷம் வந்துவிட்டது. அவர்தான் எங்கள் துணைத் தலைவர். மண்டபத்தை மன்றத்துக்குச் சும்மா கொடுக்கும் வள்ளல். "என் மண்டபத்துக்கே குறையா?" என்று அடுத்த விழாவுக்குள் ஒரு சரிவுப் பாதை கட்டிவிட்டார். கட்டியவர், இடத்தை மிச்சம் பிடித்தார். முட்டுக்காட்டுப் படகை அதில் தள்ளிவிட்டால், தானாகவே தண்ணீரில் போய் விழும். அவ்வளவு செங்குத்து. அதற்குச் சிவப்புக் கம்பளம் விரித்து, ரிப்பன் கட்டி, சிறப்பு விருந்தினரை வைத்து வெட்டி, கொடையாளர் பெயரோடு பளிங்குக் கல்லும் பதித்தோம். உச்சியில் அலங்காரக்காரர் ஆறு பூந்தொட்டிகளையும் ஐந்தடிக் குத்துவிளக்கையும் வைத்து வழியை அடைத்திருந்தார். அதை எங்களில் ஒருவரும் கவனிக்கவில்லை. கோமதியை அன்றும் படி வழியாகத் தூக்கித்தான் ஏற்றினோம்; தூக்கும் நால்வரில் ஒருவராக அன்றுமுதல் மண்டபத்துக்காரரும் சேர்ந்துகொண்டார். சரிவுப் பாதையின்மீது நின்று நாங்கள் எல்லோரும் குழுப்படம் எடுத்துக்கொண்டோம்.

"அலோ, மைக் டெஸ்டிங். சறுக்கு மரம் ரெடியா கீது. பசங்க வந்து வெளாடலாம். அலோ."

அக்காவைப் பற்றி நல்லதாகவே சொல்லிக்கொண்டு போனால் அவருக்கே பிடிக்காது. ஒரு தப்பும் செய்தார். அடுத்த விழாவில், "அலோ, கோமதி காலையிலேந்து ஒரு முழுங்குத் தண்ணி குடிக்கல. குடிச்சா கக்கூசுக்குப் போவணும். அங்க நாற்காலி நொழையாது. அலோ" என்று புளியமரம் வரைக்கும் சொல்லிவிட்டார்.

கோமதி நாற்காலியை உருட்டிக்கொண்டு நேரே அக்காவிடம் வந்தார். அவரை அவ்வளவு கோபமாக நான் பார்த்ததில்லை.

"யக்கா, என் ஒண்ணுக்க ஊருக்கே சொல்லுவியா? உன்னாண்ட நான் கேட்டனா?"

"உனுக்காகத்தான்டி..."

"எனுக்காகன்னா என்னைக் கேட்டுட்டுச் சொல்லு. மண்டபத்த நீ இன்னா வேணா திட்டிக்க. என்னை மைக்குல போடாத."

எங்கள் யாருக்கும் அடங்காத அக்கா அன்றைக்குக் கோமதிக்கு அடங்கினார். பிறகு ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "தப்புதாம்மா" என்றார். விழா முடியும்வரை இன்னொரு 'அலோ' வரவேயில்லை. அப்பாடா, ஒருவழியாக இந்த அம்மாவை அடக்க ஓர் ஆள் கிடைத்தது என்று நான் சந்தோஷப்பட்டேன். அவ்வளவுதான் எனக்குப் புரிந்தது.

அதற்கு அடுத்த விழாவில்தான் அது நடந்தது.

மேடையேறியபின் தடுமாறக்கூடாது என்று, கீழேயே கோமதியின் துப்பட்டாவில் சின்ன மைக்கைக் குத்திவிடுவது அக்காவின் வழக்கம். அந்தச் சத்தம் ஸ்பீக்கருக்குப் போகாமல் ஹெட்போனில் மட்டும் கேட்கும்படி வைத்துக்கொள்வார். நான் வழக்கம்போல், "பலத்த கரவொலி!" என்றேன். நான்கு பேர் தூக்கினார்கள். இரண்டாவது படியில் இருக்கும்போது மண்டபம் முழுவதும் 'டப்' என்று செத்தது. மைக் போயிற்று, மேடை விளக்கு போயிற்று. சிறப்பு விருந்தினர் பொன்னாடையை விரித்த கையோடு நின்றார்.

அக்கா மேடைப்பக்கம் வேகமாக நடந்து வந்தார். "எறக்குங்க" என்றார். இறக்கினார்கள். குனிந்து கோமதியின் காதில் ஏதோ கேட்டார். கோமதி இல்லை என்று தலையாட்டினார். அக்கா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நடுப்பாதை வழியாக வெளியே போய்விட்டார். ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது.

மறுநாள் அக்காவின் கடைக்குப் போய்க் கத்தினேன். "எதுக்கும்மா கரண்ட்டைப் புடுங்கினீங்க? மானம் போச்சு!"

"சொல்ல மாட்டேன் சார்."

"ஊருக்கே எல்லாத்தையும் சொல்றவங்க, இதை மட்டும் ஏன் சொல்ல மாட்டீங்க?"

"கக்கூசு மண்டபத்துது, அத்த நான் சொல்லுவேன். இது ஒரு பொண்ணுது. அது சொன்னாத்தான் உண்டு."

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதனுக்கு எப்படிச் சொல்வது? நான் ஒரு முட்டாள். பைத்தியத்தோடு பேச முடியாது என்று திரும்பி வந்து, மைக்செட்டை மாற்றத் தீர்மானம் போட்டேன். முன்மொழிந்தவர் மண்டபத்துக்காரர்.

அடுத்த வருட விழாவில் புது மைக்செட்காரர் மூன்று வரை எண்ணிவிட்டு டீ குடிக்கப் போனார். ஆகா, என்ன அமைதி! தாழ்ப்பாளைப் பற்றிப் பேச்சில்லை, தட்டைப் பற்றிப் பேச்சில்லை. அமைதியில்தான் எனக்கு ஒன்று உறைத்தது: கோமதி வரவில்லை. பறைக் குழு வரவில்லை. எப்போதும் முதலில் வரும் நடனப் பெண்கள் வரவில்லை. கூட்டம் என்று இருந்தது நாங்களும் எங்கள் உறவினர்களும். 'கலை அனைவருக்கும்' என்ற பேனரின் கீழே நாங்களே எங்களுக்குப் பொன்னாடை போர்த்திக்கொண்டோம்.

இரண்டு நாள் கழித்து, ஜெராக்ஸ் எடுக்கும் சாக்கில் கோமதியின் கடைக்குப் போனேன். அவர் சுற்றி வளைக்கவில்லை.

"நாற்காலியத் தூக்கறவங்க நாற்காலியப் புடிக்கணும் சார். அந்த மண்டபத்துக்காரரு என்னைப் புடிப்பாரு. மூணு வருசமா. கரண்ட்டு போன அன்னிக்கு, 'கைய எடுங்க'ன்னேன். அக்கா காதுல வுழுந்துடுச்சி. 'மைக்குல சொல்லட்டா?'ன்னு கேட்டாங்க. வேணாம், வூட்டுக்குப் போவணும்னேன்."

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

கோமதி காகிதத்தை அடுக்கிக்கொண்டே சொன்னார். "அந்நேரம் நீங்கதான சார் கை தட்டச் சொல்லிகினு இருந்தீங்க?"

எத்தனை வருடம் கை தட்டச் சொன்னேன்! அவர் தலை குனிந்ததைப் பார்த்து எத்தனை பேரைக் கை தட்ட வைத்தேன்!

"இப்ப சொல்றேன். கமிட்டியில என் பேரைப் போட்டே சொல்லுங்க" என்று தானே கடிதம் அடித்து, தானே நகலெடுத்துக் கையில் கொடுத்தார்.

கமிட்டியில் படித்தேன். மண்டபத்துக்காரர் சிரித்தார். "உதவி பண்ற கைக்கு இன்னா மரியாதை பார்த்தீங்களா? இனிமே அந்தப் பொண்ண யாரு தூக்குவா?"

"யாரும் தூக்க வேணாம்" என்றேன்.

பக்கத்தில் இருந்த உறுப்பினர் என் தொடையைத் தட்டினார். "மண்டபம் போயிடும் சார். உள்ளுக்குள்ள பேசி முடிச்சிக்கலாம். அந்தப் பொண்ணையும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொல்லி..."

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு என்ன வந்ததென்றே தெரியவில்லை. மேசையில் ஓங்கி அடித்தேன். நான்கு டம்ளர் காபி தீர்மானப் புத்தகத்தில் போய் விழுந்தது. என் வாழ்நாளில் மைக் இல்லாமல் தெருமுனை வரைக்கும் கேட்கும்படி நான் பேசியது அன்றுதான். பேசியது முழுவதும் பத்திரிகையில் அச்சேறாது. முடிவில் மண்டபத்துக்காரர் போனார், மண்டபமும் போனது, மூன்று உறுப்பினர்களும் அவரோடு போனார்கள். போலீஸுக்குப் போவதா வேண்டாமா என்பதைக் கோமதியே முடிவு செய்தார். போனார். அது அதன் வழியில் நடக்கிறது.

அடுத்து அக்காவிடம் போக வேண்டும். அதற்குத்தான் எனக்குக் கால் வரவில்லை. போனபோது கடை வாசலில் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சிடுங்க அக்கா" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். உள்ளே போனார். ஒரு மைக்கைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து ஸ்விட்சைப் போட்டார். கடைக்கு மேலே கூம்பு ஸ்பீக்கர் கொர்ரென்றது.

"இதுல சொல்லு சார். டெஸ்ட் பண்ணாப்லயும் இருக்கும்."

எலெக்ட்ரிக் ட்ரெயினிலிருந்து இறங்கிய கூட்டம் சந்தில் வந்துகொண்டிருந்தது. வேறு வழியில்லை. "அலோ... மைக் டெஸ்டிங். நான் கலை மன்றச் செயலாளர் பேசுறேன். தப்பு என்னோடது. அலோ."

"மைக்கக் கிட்ட வெச்சிக்க சார். 'தப்பு' சரியா கேக்கல."

இன்னொரு தடவை சொன்னேன்.

மண்டபம் இல்லாத எங்களுக்கு மாமல்லபுரத்தில் ஒரு சிற்பி தன் கல்பட்டறை முற்றத்தைக் கொடுத்தார். மேடை இல்லையே என்று நான் கையைப் பிசைந்தபோது, "மைக்கு எங்க கீதோ அதான் சார் மேடை" என்று அக்கா மைக்கைத் தரையில் நட்டார். சிற்பி ஒரு கருங்கல் பலகையைச் செதுக்கி, கழிப்பறை வாசலில் சரிவாகப் போட்டுக் கொடுத்தார், கதவையும் அகலமாக்கினார். உடை மாற்றப் பூட்டுள்ள அறை. எல்லோருக்கும் ஒரே வாசல், ஒரே பந்தி. யாருக்கு என்ன நடந்தாலும் உடனே சொல்வதற்கு இரண்டு பெண்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் அழைப்பிதழிலேயே அச்சாயின. சிறப்பு விருந்தினர் கிடையாது. பொன்னாடையும் கிடையாது. இதில் ஒன்றுக்குக்கூடப் பெரிய மூளை தேவைப்படவில்லை என்பதுதான் என் ஆத்திரம்.

விழா அன்று மாலை கோமதி வருவாரா என்று வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். வருகிறேன் என்று சொல்லவில்லை. "பாத்துட்டுச் சொல்றேன் சார்" என்றுதான் சொல்லியிருந்தார். நாலரை மணிக்கு ஸ்கூட்டர் வந்தது. அவரே நாற்காலிக்கு மாறிக்கொண்டார். நாங்கள் யாரும் கிட்டே போகவில்லை. அக்கா கம்பியில்லா மைக்கை அவர் மடியில் வைத்தார். விழாவில் மைக் டெஸ்டிங்கை அக்கா இன்னொருவர் கையில் கொடுத்து நான் பார்த்ததே இல்லை.

"நீயே சுத்திப் பாத்துச் சொல்லு."

கோமதி நாற்காலியை உருட்டினார். வாசல், அறை, பந்தி, கழிப்பறை என்று ஒவ்வோர் இடமாகப் போனார். கடைசியில் ஸ்பீக்கர் கரகரத்தது.

"அலோ, மைக் டெஸ்டிங். கேட்டாண்ட கல் சில்லு கெடக்குது. சக்கரம் மாட்டுது. வெறுங்காலோட வர்றவங்களுக்கும் குத்தும். அலோ."

"அட, எனுக்கே தெரில பாரேன்" என்றார் அக்கா. நானும் சிற்பியும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓடினோம். பெருக்கி முடித்தோம். கோமதி வந்து ஒரு தடவை உருட்டிப் பார்த்தார்.

"அலோ. கக்கூசுல தாப்பா கீது. என் கைக்கு எட்டுற ஒயரத்துல கீது. சொம்பு நெறைய தண்ணி குடிச்சிட்டேன், இத்த நானே சொல்றேன். வேற ஒண்ணும் இல்ல. பாடலாம்."

பறைக் குழு அடித்த முதல் அடியில் முற்றமே அதிர்ந்தது. அக்கா இரண்டு காதிலும் ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் திரும்பி நின்றார். கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, துடைப்பத்தோடு நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தார். மைக்கை எடுத்தார்.

"அலோ. செயலாளரு காலையிலேந்து நாஸ்தாகூடத் துன்னாம சுத்திகினு கீறாரு. யாராச்சும் அவுருக்கு ஒரு டீ குடுங்க. அலோ."

என் வயிற்றைப் பற்றி ஊர் கேட்கச் சொல்லலாமா என்று அக்கா என்னைக் கேட்கவில்லை. அவர் ஒருவருக்கு மட்டும் அந்த அனுமதியை நான் எப்போதோ கொடுத்துவிட்டேன்.